ஆமைக்குக் கூரை கூடாது

அக்கா கூடையை என்னிடம் தரவில்லை.

பர்மாவிலிருந்து நம் ஆட்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். அறுபதுகளின் நடுப்பகுதி. காலையிலிருந்து துறைமுகத்து வாசலில் நின்றேன். அக்கா கல்யாணமாகி அங்கே மோல்மேன் ஊருக்குப் போனபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. ஆளை அடையாளம் தெரியுமா என்று பயம். தெரிந்தது. அம்மாவின் நடை அப்படியே இருந்தது. தலையில் ஒரு தகரப்பெட்டி. இடுப்பில் ஒரு பிரம்புக்கூடை. மாமா இல்லை.

"மாமா எங்க?"

"பேப்பர் சரியில்லைன்னு கடைசியில அவரை மட்டும் நிறுத்திட்டாங்க. அடுத்த கப்பல்ல வருவாரு."

பெட்டியை வாங்கிக்கொண்டேன். கூடைக்குக் கை நீட்டினேன். "அது வேண்டாம் தம்பி" என்றாள். கடற்கரை ஸ்டேஷனில் ரயில் ஏறித் தாம்பரம் வரும்வரை கூடை அவள் மடியிலேயே இருந்தது. மேலே ஈரத்துணி. ஏதோ சாப்பாட்டுச் சாமான் என்று நினைத்தேன். பல்லாவரம் தாண்டும்போது துணியைத் தூக்கிப் பார்த்து மூடினாள். நான் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கேட்கிற பழக்கம் குறைவு.

அப்போது எனக்குப் பம்மல் பக்கம் கல்குவாரியில் வேலை. தாம்பரம் மேற்கில் குடியிருந்தோம். ஒரு காம்பவுண்டுக்குள் வரிசையாக நாலு குடித்தனம், ஆளுக்கு ஒரு அறை. முன்பக்கம் வீட்டுக்காரர் வீடு. நடுவில் எல்லோருக்கும் ஒரே கிணறு. என் சம்சாரத்துக்கு அப்போது ஆறு மாசம். அதற்கு முந்தினது பிறந்த அன்றைக்கே போய்விட்டது. அதனால் அந்த நாட்களில் அவள் எதற்கும் பயந்தாள். பூனை குறுக்கே போனால் கடைக்குப் போகாமல் திரும்பி வந்துவிடுவாள்.

வீட்டுக்குள் வந்ததும் அக்கா கூடையைத் தரையில் வைத்துத் துணியை எடுத்தாள். உள்ளே கவிழ்த்து வைத்த சின்னச் சட்டி மாதிரி கறுப்பாக ஒன்று. சம்சாரம் குனிந்து பார்த்தாள். சட்டியின் ஓரம் மெல்லத் திறந்தது. மஞ்சள் கோடு போட்ட மூக்கு ஒன்று வெளியே வந்தது.

சம்சாரம் கத்தவில்லை. வயிற்றில் கை வைத்துக்கொண்டு சுவரோடு சுவராக வாசலுக்கு நகர்ந்தாள்.

"ஆமை பூந்த வூடு..." என்று ஆரம்பித்தவள் மீதியைச் சொல்லவில்லை. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். "வெளிய வெச்சிட சொல்லுங்க" என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

அக்காவுக்குக் கேட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு அவளே வெளியே போனாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன்.

"இது உங்க மாமாவோடது" என்றாள். "வேலை பார்த்த மில்லுக்குப் பின்னால சேத்துல கிடைச்சுதாம். உள்ளங்கை அளவு இருந்தப்ப கொண்டாந்தாரு. நான் இதைத் தொட்டதுகூட இல்ல. எல்லாம் அவருதான்."

"இத்த ஏன் கொண்டாந்தே?"

"கப்பல் ஏறுற எடத்துல வெச்சுக் கூடையைக் கையில குடுத்தாரு. நான் வர்ற வரைக்கும் இது செத்துடாம பார்த்துக்கோன்னாரு. உன்னைப் பார்த்துக்கோன்னு சொல்லல. இதைப் பார்த்துக்கோன்னாரு."

சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

கப்பல் ஏறுமுன் சோதனை நடந்ததைச் சொன்னாள். கம்மலைக் கழற்றிக்கொண்டார்கள். தாலியை நிறுத்துப் பார்த்தார்கள். கூடையில் இருந்த ஆமை பயத்தில் மூடிக்கொண்டது. இந்த ஜாதி ஆமைக்கு அடிவயிற்று ஓட்டில் கதவு மாதிரி மடிப்பு உண்டு. முன்னாலும் பின்னாலும் இறுக்கி மூடிவிடும். ஊசி நுழைய இடம் இருக்காது. உள்ளே தங்கம் வைத்து மூடியிருக்கிறாள் என்று அதிகாரிக்குச் சந்தேகம். காதில் வைத்து ஆட்டிப் பார்த்தானாம். கத்தி முனையை வைத்து நெம்பினானாம். பிறகு மேசைமேல் வைத்து அது திறக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டான். கப்பல் ஊதுகிறது. அக்கா நின்றுகொண்டே இருந்தாள்.

"அப்புறம்?"

"தொறந்துது. மேசை மேல இருந்த காகிதத்துல எல்லாம் மூத்திரம் பேஞ்சுது. போ போன்னு தொரத்திட்டான்."

அக்கா கூடைக்குள் பார்த்தபடி சொன்னாள்: "இது உசிரோட இருந்தா அவரு வந்துடுவாரு தம்பி."

ஆமை இருந்தால் வருவார். இல்லாவிட்டால்? அதை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். கெட்டவர் இல்லை.

"ஏம்பா, ஆமை வந்திருக்காமே."

"ஆமா சார்."

"வீட்டுக்குள்ள கூடாதுப்பா. உனக்கே தெரியும். உன் வைஃப் வேற இப்படி இருக்கா. நாளைக்கு ஒண்ணுன்னா யாரைச் சொல்லுவாங்க? உன் அக்காவைத்தான் சொல்லுவாங்க."

"வெளியதான் சார் கீது."

"கிணத்துல விட்டுடு. கிணத்துல ஆமை கெடந்தா நல்லது. புழு பூச்சியெல்லாம் தின்னுடும், தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். எங்க பழைய வீட்டுக் கிணத்துல ஒண்ணு இருந்துது. அந்தத் தண்ணி குடிச்சுத்தான் நாங்க எல்லாம் வளர்ந்தோம்."

எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. வீட்டில் ஆமை கேடு, கிணற்றில் ஆமை நல்லது. அந்தக் காலத்தில் பல கிணறுகளில் ஆமை கிடக்கும். வாளியில் ஏறி வந்துவிட்டால் திரும்பவும் உள்ளே போட்டுவிடுவார்கள். வீட்டுக்காரர் சொன்னது எல்லோருக்கும் தோதாக இருந்தது. சம்சாரத்தின் முகம் தெளிந்தது. எனக்கும் சரி என்று பட்டது. அக்காவைப் பார்த்தேன்.

"நீந்தும். நீந்தறதைப் பார்த்திருக்கேன்" என்றாள்.

வாளியில் வைத்து இறக்கினேன். கயிற்றைத் தளர்த்தியதும் தண்ணீரில் நழுவிப் போனது. நாலு குடித்தனமும் எட்டிப் பார்த்தது. குழந்தைகள் கை தட்டின.

கிணற்று ஆமை அடியில் கிடக்கும், மூச்சுக்கு மட்டும் மேலே வரும். இது அப்படிக் கிடக்கவில்லை. மேலேயே நீந்திச் சுற்றி வந்தது. சுற்றுச்சுவர்க் கல்லை முன்காலால் பிறாண்டும். சரக் சரக் என்று கிணற்றுக்குள் எதிரொலிக்கும். கொஞ்சம் ஏறும், வழுக்கித் தொப்பென்று விழும். மறுபடியும் பிறாண்டும். பக்கத்துக் குடித்தனத்து அம்மா தண்ணீர் சேந்தும்போது, "இன்னா ஆட்டம் போடுது பாரு" என்பாள். நானும் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். அக்கா வாழைப்பழத்தைக் கிள்ளிப் போடுவாள். பழம் மிதக்கும். கறுத்துப்போய் வாளியில் திரும்பி வரும்.

கோடை ஏற ஏற அக்கா கிணற்றடியை விட்டு நகர்வது குறைந்தது. சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள். பாதி அப்படியே இருக்கும்.

கோவளத்திலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவரும் ஒரு அம்மா உண்டு. கூடையை எங்கள் கிணற்றடியில் இறக்கி மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு போவாள். வாய் நீளம். ஒரு நாள் அக்காவைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னாமே, வந்த நாள்லேர்ந்து கிணத்தயே பாத்துகினு கீறே. உம் புருசன் உள்ள கீறானா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா திரும்பவில்லை. "ஆமா" என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. மீன்கார அம்மா கூடையைத் தூக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

அன்று வேலை முடிந்து சைக்கிளை நிறுத்தும்போதே சம்சாரம் வாசலில் காத்திருந்தாள். "பயமா கீதுங்க. அண்ணி கிணத்துக்குள்ள குனிஞ்சிகினே கீறாங்க. கூப்ட்டா காதுல வுழல. வூட்டுக்காரர் ரெண்டு தபா வந்து பாத்துட்டுப் போனாரு." குரலைத் தணித்தாள். "எதுனா பண்ணிக்கப் போறாங்க."

கிணற்றடிக்குப் போனேன். அக்கா கிணற்றுச் சுவரில் வயிற்றை வைத்துக் கவிழ்ந்திருந்தாள். நான் அவள் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டுதான் பக்கத்தில் நின்றேன்.

"சாயுது தம்பி" என்றாள்.

பார்த்தேன். ஆமை நேராக மிதக்கவில்லை. ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் தாழ்ந்து, ஓட்டைப் படகு மாதிரி கிடந்தது. பிறாண்டவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடியது.

"அங்க இது தண்ணியிலயே கிடக்காது. ஏறி வந்து மண்ணுல உக்காரும். நான்தான் யோசிக்கல. ஏறத்தான் பார்த்திருக்கு, இத்தனை நாளும்."

விளையாட்டு இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாளியை விட்டேன். தகரம் தண்ணீரில் பட்ட சத்தத்துக்கு அது முங்கியது. சாய்ந்தபடியே கொஞ்சம் தள்ளி மேலே வந்தது. மறுபடி விட்டேன். மறுபடி முங்கியது. மூன்றாம் முறை வெகுநேரம் மேலே வரவில்லை. வந்தபோது இன்னும் சாய்ந்திருந்தது. இப்படியே விரட்டினால் நாமே கொன்றுவிடுவோம் என்று அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

நான் சட்டையைக் கழற்றினேன். எங்கள் கிணறு கல் கட்டிய கிணறு. கால் வைத்து இறங்கக் கற்கள் நீட்டிக்கொண்டிருக்கும். குவாரியில் கயிறு கட்டித் தொங்குகிறவனுக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் பாசி. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டேன். பக்கத்துக் குடித்தனத்து ஆண்கள் இரண்டு பேர் மறுமுனையைப் பிடித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சம்சாரமும் கயிற்றில் கை வைத்தாள்.

"நீ உடு" என்று கத்தினேன்.

"நீங்க எறங்குங்க" என்றாள்.

பாதிக்குமேல் இறங்கியதும் ஒரு கல் ஆடியது. கால் வழுக்கியது. கயிறு விலாவில் இறுகி, முழங்கால் சுவரில் உரசிச் சதை பிய்ந்தது. மேலே யாரோ "முருகா" என்றார்கள். கயிறு தளரவில்லை. கடைசிக் கல்லில் நின்று கை நீட்டினேன். ஆமை எதிர்ப்பக்கம். தண்ணீரில் இறங்கினேன். ஆழம் ஆளைவிட ஜாஸ்தி. நான் ஒரு கை போட்டால் அது ரெண்டு முழம் தள்ளிப் போயிற்று. அவ்வளவு சீக்கிலும் என்னைக் கண்டு பயந்தது.

மேலேயிருந்து அக்கா குரல். "தம்பி, நீ ஓரமா நில்லு. அசையாத."

பிரம்புக்கூடை இறங்கி வந்தது. கப்பலில் வந்த அதே கூடை. உள்ளே கல் வைத்திருந்தாள். ஒரு பக்கம் தண்ணீருக்குள் அமிழ்ந்து மறுபக்கம் மேலே நின்றது. நான் கடைசிக் கல்லைப் பிடித்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். குளிர் எலும்புக்குள் போனது. பல் அடித்துக்கொண்டது. ஆமை கூடையைப் பார்த்ததா, மோந்ததா, தெரியாது. மெல்ல வந்தது. முன்கால் ஒன்றைக் கூடை விளிம்பில் போட்டது. இன்னொன்றைப் போட முடியவில்லை. நழுவியது. மறுபடி போட்டது. மூன்றாவதோ நாலாவதோ முறை உடம்பை இழுத்து உள்ளே விழுந்தது.

"தூக்கு" என்றேன். என்னை அப்புறம்தான் தூக்கினார்கள்.

மேலே வந்து பார்த்தபோது அக்காவின் முகம் வெளுத்திருந்தது. ஆமையின் ஓட்டைத் தொட்டாள். தலையைத் தொட்டாள். அது மூடிக்கொள்ளவில்லை. கத்தியை வைத்து நெம்பியும் திறக்காதது, இப்போது மூட பலம் இல்லாமல் கிடந்தது. மூக்கில் நுரை.

மறுநாள் குவாரிக்குப் போகவில்லை. அக்காவைக் கேட்டேன்.

"அங்க எங்க இருந்துது? ஒண்ணொண்ணா சொல்லு."

"சமையக்கட்டுக்குப் பின்னால. பாத்திரம் தேய்க்கிற தண்ணி போய் ஒரு பள்ளம்."

"எவ்ளோ ஆழம்?"

"தெரியாது. உங்க மாமா மில்லுலேர்ந்து வந்து அதுல நின்னு கால் கழுவுவாரு. கணுக்கால் வரைக்கும் வரும்."

"யார் கணுக்கால்? எனுக்கா, அவுருக்கா?"

"அவரு உன்னைவிட உசரம்" என்றாள். அதற்குமேல் அவளுக்குத் தெரியவில்லை. பாதித் தண்ணீர், பாதிச் சேறு, மேலே காய்ந்த மண். பெரிய இலைச் செடிகள். மத்தியானம் இலைக்குக் கீழே மண்ணைத் தோண்டிப் புதைந்துகொள்ளும். அவ்வளவுதான் அவள் கண்டது. பார்க்காமல் இருந்துவிட்டேனே என்று ஒரே ஒரு முறை சொன்னாள்.

காம்பவுண்டின் பின்மூலையில் எங்கள் துவைக்கிற தண்ணீர் ஓடி நாலு வாழையும் கொஞ்சம் சேம்பும் நின்றன. இடம் அதுதான். வீட்டுக்காரரிடம் போய் நின்றேன்.

அவர் மூலைக்கு வந்தார். வாழையைப் பார்த்தார். எங்கள் அறைகளின் கூரையைப் பார்த்தார்.

"இது வீடு இல்லதானே?"

"தோட்டம் சார்."

"சரி. ஆனா கேட்டுக்கோ. வாசப்படி கூடாது. கதவு கூடாது. முக்கியமா கூரை கூடாது. கூரை போட்டா அது வீடுப்பா. அப்புறம் ஆமை வீட்டுக்குள்ள வந்த கணக்காயிடும். என் காம்பவுண்டுல அதை நான் ஒத்துக்க மாட்டேன்."

சித்திரை வெயில் பாறையைப் பிளக்கிற நேரம். கூரை இல்லாமல் எப்படி? பேசிப் பயனில்லை. சரி என்றேன்.

துவைக்கிற தண்ணீரில் சவுக்காரம். அது உள்ளே வரக்கூடாது. முதலில் வாய்க்காலை வெட்டி வேறு பக்கம் திருப்பினேன். பிறகு குழி. ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் சரிந்து மேலே வரும்படி. அடியில் களிமண் மிதித்துப் பூசினேன். சரிவில் கல் வைக்கவில்லை. கிணற்றில் அது வழுக்கி வழுக்கி விழுந்தது கண்ணிலேயே நின்றது. மண்ணும் மணலும் போட்டு நகம் பிடிக்கிற மாதிரி செய்தேன். சுற்றிலும் குவாரிக் கழிவுக் கல்லை அடுக்கிச் சுவர், முழங்காலுக்குக் கீழே. மேல் வரிசைக் கல் உள்பக்கம் நீட்டியிருக்கும், ஏறி வெளியே போகாதபடி. கல் எல்லாம் பம்மலிலிருந்து சைக்கிள் கேரியரில் வந்தது. முழங்கால் காயம் ஒவ்வொரு மிதிக்கும் வாயைத் திறந்தது.

நிழல்தான் பிரச்சினை. சேம்பை உள்ளே நட்டேன், வெயிலில் துவண்டு விழுந்தது. வாழை இலையைச் சாய்த்தேன், காய்ந்தது. குவாரியில் அகலமாக உடைந்த பலகைக்கல் ஒன்று கிடந்தது. தள்ளுவண்டியில் கொண்டுவந்து ஒரு ஓரத்தை மண்ணில் புதைத்து, மறு ஓரத்தைச் சாய்வாக ஒரு கல்லில் நிறுத்தினேன். அடியில் ஒரு முழ நிழல்.

வீட்டுக்காரர் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது என்னப்பா? கூரையா?"

"இல்ல சார். பாறை."

"மேல மூடியிருக்கே."

"சாஞ்சி கீது சார். ஒரு பக்கம் மண்ணுல பொதைஞ்சி கீது. கூரைன்னா நாலு பக்கமும் நிக்கணும்."

மீன்கார அம்மா கூடையை இறக்கி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அய்ய, மலைக்கு யாரு சார் கூர போட்டாங்கோ? குன்றத்தூர் மலையில பாறை இல்ல? அதான் இது. போ சார்."

வீட்டுக்காரர் கல்லின் அடியில் கை விட்டுப் பார்த்தார். "பாறைன்னா சரி" என்று போனார்.

ஆமையை உள்ளே விட்டோம். விட்ட இடத்திலேயே கிடந்தது. கழுத்து மண்ணில் நீண்டிருந்தது. அக்கா காலை வெயிலில் அதை ஆழமில்லாத வெதுவெதுப்பான தண்ணீரில் வைப்பாள். வெயிலேறினால் பாறைக்கு அடியில் நகர்த்துவாள். காக்காய் வந்தால் எழுந்து விரட்டுவாள். பழம் வைத்தோம், தொடவில்லை. கீரை வைத்தோம், தொடவில்லை. மீன்கார அம்மா ஒரு நாள் கேட்காமலேயே கொஞ்சம் கூனி இறாலை இலையில் மடித்து வைத்துவிட்டுப் போனாள். அதுவும் எறும்புக்குத்தான் ஆயிற்று. மூக்கில் நுரை நிற்கவில்லை.

ஆனி பிறந்தது. சம்சாரத்துக்கு நாள் நெருங்கியது. காம்பவுண்டில் யாரும் எங்களிடம் ஆமையைப் பற்றிப் பேசுவதில்லை. பேசாதது தெரிந்தது. பிரசவத்தில் ஏதாவது ஆனால் என்ன பேசுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும். ஒரு காலையில் தகரப்பெட்டியில் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் காலிக் கூடை.

"எங்க போறே?"

"போகல. எடுத்து வெச்சிருக்கேன். குழந்தைக்கு ஒண்ணுன்னா நான் அதைத் தூக்கிக்கிட்டுப் போயிடறேன். நீ தடுக்கக் கூடாது."

"எங்கேன்னு போவே?"

"துறைமுகத்து வாசல்ல உக்காருவேன். அவரு வந்து எறங்கற இடம்தானே."

சம்சாரம் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வயிற்றைத் தாங்கியபடி வெளியே போனாள். அதுவரை அந்த மூலைப் பக்கம் அவள் போனதே இல்லை. அரிசி களைந்த தண்ணீரை வாழைக்கு ஊற்றினாள். குழிச் சுவரிலிருந்து ரெண்டு அடி தள்ளியே நின்றாள். வழியில் கிடந்த வாழைச் சருகுகளைக் காலால் ஒதுக்கிச் சேர்த்து, எடுத்து, சுவருக்கு அந்தப் பக்கம் வீசினாள். சருகு பாறை ஓரத்தில் விழுந்தது. திரும்பி வந்து அடுப்பைக் கவனித்தாள்.

மறுநாள் மத்தியானம் அவளுக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அக்கா வரவில்லை. "நான் வந்தா அவ பயப்படுவா" என்றாள். நான் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே எந்தக் கத்தல் யாருடையது என்று தெரியவில்லை. போன தடவை நர்ஸ் வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். இந்தத் தடவை கதவு திறந்ததும் முதலில் அவள் கண்ணைப் பார்த்தேன். என்னைப் பார்த்துத்தான் பேசினாள். பெண் குழந்தை. அழுகிற சத்தம் வாசல்வரை கேட்டது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "அது காணோம் தம்பி" என்றாள்.

குழியைப் பார்த்தேன். தண்ணீரில் இல்லை. சேற்றில் இல்லை. கீரி தூக்கிப்போய்விட்டது என்று நினைத்தேன். உள்ளே இறங்கிப் பாறைக்கு அடியில் கை விட்டேன். நேற்று சம்சாரம் வீசிய சருகு. அதற்குக் கீழே மண் புதிதாகக் கிளறியிருந்தது. கிளறிய மண்ணில் விரல் பட்டதும் ஏதோ கல் மாதிரி தட்டியது.

தோண்டி எடுத்தேன். மூடியிருந்தது. முன்னாலும் பின்னாலும். நகம் வைத்துப் பார்த்தேன். நுழையவில்லை.

அக்காவிடம் நீட்டினேன். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். அப்படியே வெகுநேரம் வைத்திருந்தாள்.

அது வாய் வைத்தது மூன்றாம் நாளோ நாலாம் நாளோ. மீன்கார அம்மாவின் இறால்தான். அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பிறகு ஜனங்கள் வேறு மாதிரி பேச ஆரம்பித்தார்கள். ஆமை வந்த வேளை, குழந்தை தங்கியது என்றார்கள். வீட்டுக்காரரே சொன்னார். நான் அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. கெட்டதுக்குக் காரணமில்லாதது நல்லதுக்கு மட்டும் எப்படிக் காரணமாகும்? ஆனால் வாய் திறக்கவில்லை. அவர்கள் சொல்வது அக்காவுக்கு வசதியாக இருந்தது.

மாமா அடுத்த கப்பலில் வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை. கப்பல் வருகிறது என்று தெரிந்தால் அக்கா துறைமுகத்துக்குப் போவாள். சாயங்கால ரயிலில் திரும்பி வந்து நேராக மூலைக்குப் போய்ச் மழைக்குத் தழைத்த சேம்பு இலையை விலக்கிப் பார்ப்பாள். என் பெண் நடக்கப் பழகியது அந்தக் குழிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான். கப்பல்கள் குறைந்தன. அக்கா போவதும் குறைந்தது. மூலைக்குப் போவது குறையவில்லை.

எழுபது பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால். மழை விட்ட ஒரு காலை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். காம்பவுண்டு வாசலில் ஒரு ஆள். உயரம். கறுத்து, கன்னம் ஒட்டி. கையில் ஒரு துணி மூட்டை.

"ஆமை வூடுன்னு டீக்கடையில சொன்னாங்க. இதானா?"

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் இறங்கி, பர்மாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி, தம்பி குவாரியில் வேலை என்று விசாரித்திருக்கிறார். டீக்கடைக்காரர், "ஆமை வெச்சிகினு கீறாங்களே, அந்த வூடா?" என்றாராம். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம்.

அக்கா கிணற்றடியில் குடத்தோடு நின்றாள். குடத்தைக் கீழே வைத்தாள். கையை மட்டும் மூலைப் பக்கம் காட்டினாள்.

அவர் போய்க் குந்தி உட்கார்ந்தார். ஆமை புது ஆளைக் கண்டு மூடிக்கொண்டது. அவர் தொடவில்லை. காத்திருந்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் நின்றோம். ஓடு கொஞ்சம் திறந்தது. மஞ்சள் மூக்கு வந்தது. அவர் செருப்பைக் கழற்றினார். சுவரைத் தாண்டிக் காலைத் தண்ணீருக்குள் வைத்தார். குனிந்து கணுக்காலைப் பார்த்தார்.

"தண்ணி ஒரு வெரல் அளவு ஜாஸ்தி" என்றார்.

"வந்ததும் வராததுமா கொறை சொல்றதைப் பாரு" என்றாள் அக்கா. குரல் உடைந்துவிட்டது.

நான் சொம்பை எடுத்துக் குழியிலிருந்து தண்ணீரை மொண்டேன். அவர் காலைப் பார்த்துப் பார்த்து மொண்டு, வாழைக்கு ஊற்றினேன்.